அண்ணன் வாசித்துச் சொன்ன அறிவித்தல்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஒரு வருடம். மூத்தவரைப் பற்றி இளையவள் எழுதும்படி ஆகிவிட்டது.

நல்லதண்ணிக்குப் போகும் பாதையில் உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டின் முதல் பிள்ளையாக அவர் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. படிப்பை விட்டுவிட்டு கினிகத்தேனையில் ஒரு இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடைக்கு வரும் பில்லையும் பேப்பரையும் பார்த்துப் பார்த்துச் சிங்களம் எழுதப் படிக்கத் தானாகவே கற்றுக்கொண்டார். அம்மா படுக்கையில் விழுந்ததும் தோட்டத்துக்கே திரும்பி, தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவரும் எனக்குக் கல்யாணம் செய்து வைத்தவரும் அவர்தான். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை.

லயத்துக்கு வரும் சிங்களக் கடிதங்கள் எல்லாம் அவர் கைக்குத்தான் போகும். ஒருமுறை எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கடிதங்களைத் தமிழிலும் அனுப்பும்படி கேட்க அரசாங்க அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். வெளியே வந்ததும், "என்னண்ணே சொன்னாரு?" என்று கேட்டேன்.

"தமிழும் அரச கரும மொழிதானாம். ஆனா மொழிபெயர்க்க ஆள் இல்லையாம். வெளிய குடுத்துச் செய்யவும் பண ஒதுக்கீடு வரலையாம்."

அதற்குப் பிறகும் கடிதங்களை அவர்தான் வாசித்துச் சொன்னார்.

சென்ற வருடம் மழை விடாமல் பெய்த வாரத்தில், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவின் சுவரில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். சிங்களத்தில் மட்டும். ஊசி போடும் நாளைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தோம். அந்தத் தாளுக்குக் கீழே என் மகளை விட்டுவிட்டு மூன்று நாள் கொழுந்து பறிக்கப் போனேன். தொழிற்சாலையில் ஆள் குறைவாக இருந்ததால் அண்ணன் அங்கேயே தங்கி வேலை செய்துகொண்டிருந்தார். நான் அவருக்குப் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் பிள்ளையைப் பார்க்க வந்த அண்ணன் அந்தத் தாளை வாசித்தார்.

"இத எப்ப ஒட்டுனாங்க?"

"முந்தாநேத்து."

"மலை சரியிற ஆபத்து இருக்காம், லயத்த விட்டுட்டு உடனே பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லியிருக்காங்க. பிள்ளையத் தூக்கிட்டு நட தங்கச்சி."

ஒவ்வொரு கதவாகத் தட்டினார். சிலர் ஏசினார்கள். ஒரு வீட்டில் அடுப்பில் சோறு இருக்கிறது என்றார்கள். "சோத்த நான் தூக்கிட்டு வாறேன், நீங்க நடங்க" என்றார்.

பள்ளிக்கூடத்தில் ஆள் எண்ணிப் பார்த்தபோதுதான் கடைசி வீட்டுப் பெரியம்மா வரவில்லை என்று தெரிந்தது. அவரால் நடந்து வந்து கதவைத் திறக்க முடியாது, மகன் கொழும்பில். அண்ணன் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு இறங்கினார். வெளிச்சம் இருக்கும்போதே மலை இறங்கிய சத்தம் கேட்டது.

இரண்டு நாள் கழித்துத்தான் இருவரையும் எடுத்தார்கள். பெரியம்மாவைப் போர்வையால் தன் முதுகோடு கட்டியிருந்தார் அண்ணன்.

கினிகத்தேனையிலிருந்து ஆட்களோடு வந்து மண்ணைத் தோண்டிய கடை முதலாளி ஐயாவுக்கும், எங்களுக்கு இடம் தந்த பள்ளிக்கூட அதிபருக்கும், கொழும்பிலிருந்து வந்து, தன் தாயின் பெட்டிக்கு முன் எங்கள் அண்ணனின் பெட்டிக்குத் தோள் கொடுத்த பெரியம்மாவின் மகனுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த வருட மழைக்கும் தாள் ஒட்டினார்கள். சிங்களத்தில்தான். படம் எடுத்து ஹட்டனில் உள்ள ஒரு டீச்சருக்கு அனுப்பி, வாசித்துச் சொல்லச் சொன்னேன்.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அன்று அண்ணன் தட்டியபோது ஏசிக்கொண்டாவது கதவைத் திறந்தவர்கள். திறந்ததற்கு நன்றி.

தங்கை