ஐந்து விரலில் அடங்கிய கருத்துகள்

கதையைச் சுருக்கிச் சொல்லவும் அதன் கருத்தை எடுத்துரைக்கவும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது விதி. விதி என்றால் எனக்கு உயிர். இலங்கையில் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் அப்போது நான் ஒற்றை வாத்தியார். யார், எங்கே, என்ன செய்தார், என்ன ஆனது. நாலு வரிக்கு மேல் போகக் கூடாதென்று நானே ஒரு துணை விதியும் போட்டேன். சுருக்கம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. கருத்துதான் வரவில்லை.

வாசகப் புத்தகத்தை அலசிப் பார்த்தேன். எல்லாக் கதையும் ஐந்தே கருத்துக்குள் அடங்கிவிட்டது. கட்டைவிரல் பொறுமை, சுட்டுவிரல் உண்மை, நடுவிரல் உழைப்பு, மோதிரவிரல் பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை, சுண்டுவிரல் நன்றி. பரீட்சையன்று நான் பரிசோதகரின் முதுகுக்குப் பின்னால் நின்று விரலைக் காட்டுவேன். பிள்ளைகள் கருத்தைச் சொல்வார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று என்மேல் எனக்கு உண்டான மரியாதை, பிறகு யார்மேலும் உண்டாகவில்லை.

அந்த வகுப்பில் நாலு பையன்கள், ஒரு பெண். பெண்ணின் அப்பா தேயிலைச் செடிகளைத் தறித்துவிடும் கவ்வாத்து வேலைக்காரர். பரீட்சைக்கு முதல் நாள் வந்தார்.

"கங்காணி ஐயா இவள கொழுந்தெடுக்க அனுப்பச் சொல்றாருங்க. பாஸானா இன்னும் ஒரு வருசம் படிக்கட்டும். இல்லாட்டி திங்கக்கெழம பெரட்டுல, வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துல, பேரு குடுத்துருவேங்க."

"கவலப்படாதேப்பா. என் முறை தப்பாது."

அவளோ என் விரலைப் பார்க்கவே மாட்டாள். கேட்டால், "கதையிலயே இருக்குங்களே ஐயா, கை எதுக்குங்க?" என்பாள். ஒழுங்கீனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பரிசோதகர் பதுளையிலிருந்து குதிரை வண்டியில் வந்தார். வாசிப்பிலும் கணக்கிலும் எல்லோரும் தேறினார்கள். கடைசியாகக் கதை. ஒருவன் பட்டியின் படலைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறான். அவன் மாடு பக்கத்து வயலில் மேய்கிறது. வயல்காரன் சத்தம் போட, இவன் ஓடி வந்து மாட்டைச் சாத்து சாத்தென்று சாத்துகிறான்.

மோதிரவிரலை உயர்த்தினேன். காலையில் மழை பெய்திருந்தது. சட்டைக் கைக்குள் எப்போதோ ஏறியிருந்த அட்டை, அந்த நேரம் பார்த்து விரலிடுக்கில் கடித்தது. கட்டைவிரலை விரித்தேன். "பொறுமைங்க" என்றான் முதல் பையன். சுட்டுவிரலை நீட்டி உதறினேன். "உண்மைங்க" என்றான் இரண்டாமவன். மூன்றாமவனுக்கு உழைப்பு கிடைத்தது. நான் முழுக்கையையும் வீசியதைப் பார்த்த நாலாமவன் ஐந்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

பரிசோதகர் திரும்பிப் பார்த்தார். "வாத்தியார், என்ன நாட்டியம்?"

"அட்டைங்க."

"கதையில் மாடுதானே இருக்கிறது?"

ரத்தம் சொட்டும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பெண்ணின் முறை வந்தது. மூன்றே வரியில் கதையை முடித்தாள். பிறகு, "படலத் தொறந்து போட்டது அந்த ஆளுங்க. அடி வாங்குனது மாடுங்க. வாயில்லாததுனாலதானுங்களே அடிச்சாரு? அதான் கருத்துங்க" என்றாள்.

"தப்பு!" என்று கத்திவிட்டேன். "பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை!"

கத்திய பிறகுதான் திங்கட்கிழமைப் பெரட்டு நினைவுக்கு வந்தது. அட்டை செய்யாத கெடுதலை என் வாய் செய்திருந்தது.

பரிசோதகர் பென்சிலைக் கீழே வைத்தார். "எது யார் பொருளென்று மாட்டுக்குத் தெரியுமா, வாத்தியார்?"

அதற்கு என்னிடம் விரல் இல்லை. அவர் பென்சிலை எடுத்து அவளைத் தேறியவள் என்று குறித்தார். பையன்கள் நால்வரும் அதே வகுப்பில் இன்னொரு வருடம் இருக்கும்படி ஆயிற்று.

சாயங்காலம் அவள் அப்பா வந்தார். "பாஸுங்களா?"

"பாஸ்."

"எல்லாம் ஐயா சொல்லிக் குடுத்ததுதானுங்களே!"

தொண்டையைச் செருமினேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். "அப்ப திங்கக்கெழம இங்கயே வரட்டுங்க."

வந்தாள். அன்று இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு கதைப் பாடம் நடத்தினேன்.

"குளிருதுங்களா ஐயா?" என்றாள்.

"ஆமா" என்றேன். வெளியே நல்ல வெயில்.