வாடகை வீட்டில் ஒரு கீச்

அலுவலகத்தில் அவளுக்குக் கமா என்று பெயர். பிறந்தபோது வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. யாராவது எழுதிய புரோகிராமைச் சரிபார்க்கக் கொடுத்தால், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து, எந்த மூலையிலோ காணாமல் போன ஒரே ஒரு கமாவைக் கண்டுபிடித்துவிடுவாள். அதில் அவளுக்கு அப்படியொரு குஷி. திட்டமாட்டாள், குத்திக்காட்டமாட்டாள். "அடடா, இங்கே ஒளிஞ்சிருந்தியா நீ!" என்று திரையைப் பார்த்துத்தான் கொஞ்சுவாள்.

வேலையை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். எழுதியதைக் கணினிக்குப் புரிய வைக்கும் கம்பைலர் சிவப்பு எழுத்தில் முரண்டு பிடித்தால், "சொல்லுடா செல்லம், இப்ப என்ன கோபம் உனக்கு?" என்று கேட்பாள். கல்யாணமான புதிதில் அவள் கணவன் இதைக் கேட்டுவிட்டு, தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று சமையலறையிலிருந்து ஓடிவந்திருக்கிறான். அவன் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க மற்றவர்களின் முட்டியை மடக்கி நீட்டுகிறவன். விடுமுறை என்றால் அவனுக்குத் தூக்கம்.

அவளுக்கு விடுமுறை என்றால் படிப்பு. இந்த முறை ஏரிக்கரையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். பெட்டி கட்டும்போது அவள் பக்கத்தில் துணியைவிடச் சாமான்தான் அதிகம்: மின்புத்தகம் படிக்கிற பலகை, மடக்கு கீபோர்டு, உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கணினி, பாம்புக் குட்டிகள் மாதிரி பின்னிக்கிடந்த ஒயர்கள். எல்லாவற்றுக்கும் அடியில், கம்பைலர் செய்வது எப்படி என்று விளக்கும் தடிப் புத்தகம்.

"இது போன தடவையும் வந்துச்சே?" என்றான் கணவன். "நம்மளைவிட இதுதான் நிறைய ஊர் சுத்தியிருக்கு."

"இந்தத் தடவை படிச்சிடுவேன்."

"சரி. ஆனா லேப்டாப் வரக்கூடாது. அதுதான் பேச்சு."

"லேப்டாப் வராது. குட்டிக் கணினிக்கு மடியே தேவையில்லையே, அது எப்படி லேப்டாப் ஆகும்?" என்று வக்கீல் மாதிரி வாதாடி, அதை ஒரு காலுறைக்குள் சுருட்டி வைத்துவிட்டாள்.

அவர்களோடு நாத்தனாரும் வந்தாள். கணவனின் தங்கை, பல் டாக்டர். அவள் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. படகுத்துறை பக்கமே போக முடியவில்லை. கணவன் நடுவில் பள்ளம் விழுந்த சோபாவில் சுருண்டான். நாத்தனார் சீட்டுக்கட்டைக் கலைத்துத் தனக்குத்தானே ஆடினாள். கமா கம்பளி மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, ஜன்னலோர நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, தடிப் புத்தகத்தைத் திறந்தாள். முதல் பக்கம் முடிவதற்குள் ஒரு சத்தம்.

கீச்.

யாரும் தலை தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, கீச்.

"அண்ணி, எலியா?" என்றாள் நாத்தனார், காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு.

"எலி இவ்வளவு ஒழுங்கா கத்தாது. இது ஏதோ மெஷின்."

சொல்லும்போதே கமாவின் முகம் மலர்ந்துவிட்டது. புத்தகம் மூடிக்கொண்டது. சமையலறை இழுப்பறையைத் துழாவினாள். வீட்டுக்காரர் புண்ணியவான், மின் அடுப்பில் தொடங்கி கூரையில் தொங்கும் புகை எச்சரிப்பு மணி வரை, எல்லாச் சாதனத்தின் கையேட்டையும் அங்கே போட்டு வைத்திருந்தார். அவள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்து தரையில் பரப்பினாள். எந்த மொழியிலிருந்தோ அரைகுறையாகப் பெயர்த்த கையேடுகள். நாத்தனார் ஒன்றை எடுத்து நாடகக் குரலில் படித்தாள்.

"'அன்பான உரிமையாளரே, துணி உலர்த்தியில் உங்கள் மனைவியை நனைந்த நிலையில் வைக்காதீர்கள்.' அண்ணா, கேட்டுக்கோ!"

கணவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "அதுல கணவனைப் பத்தி ஏதாவது இருக்கா பாரு."

"'சுமை அதிகமானால் சத்தம் போடும்'னு போட்டிருக்கு."

மூவரும் சிரித்துக் கொண்டிருக்கும்போதே மறுபடி கீச். கையேடுகளில் சொன்ன எந்த விளக்கும் எரியவில்லை, எந்தச் சாதனமும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

"பாதி பாதியா வெட்டணும்" என்றாள் கமா.

அவளுடைய செல்லக் கருவி ஒன்று செய்கிற வேலை அது. நேற்று ஓடிய புரோகிராம் இன்று படுத்துவிட்டால், நடுவே செய்த நூற்றுக்கணக்கான மாற்றங்களில் எது கெடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் கருவி நடுவில் வெட்டும். வியாதி இந்தப் பாதியிலா, அந்தப் பாதியிலா? வியாதி இருக்கிற பாதியை மறுபடி வெட்டும். கடைசியில் ஒரே ஒரு மாற்றம் கையும் களவுமாக மாட்டும். அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம் என்பது அவள் கட்சி.

மாடிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினாள். கீச். கீழ்த்தளத்தையும் நிறுத்தினாள். அப்போதும் கீச்.

"அப்போ பேட்டரியில ஓடுற சாமான்! நீங்க சமையலறையில நில்லுங்க. நீ மாடியில நில்லு. கிட்ட கேட்டா கையைத் தூக்கணும்."

அவள் மாடிப்படி ஏறி இறங்கி மேற்பார்வை பார்த்தாள். மேலே போனபோது நாத்தனார் கை தூக்கினாள். கீழே வந்தபோது கணவன் கை தூக்கினான்.

"ரெண்டு இடத்துல இருக்கு! ரெண்டு பிழை!" விடுமுறை தொடங்கியதிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கவில்லை. முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு மறுபடி மாடிக்கு ஓடப்போனாள்.

கணவன் வழிமறித்தான். "கொஞ்சம் அசையாம நில்லு."

"ஏன்?"

"நில்லு. மூச்சை இழு. மெதுவா விடு." நோயாளியைப் பார்க்கிற பழக்கத்தில் அவள் முதுகில் காதை வைத்தான். அங்கிருந்து காது மெல்லக் கீழே இறங்கியது. கீச். "உன் இடுப்புல இருந்துதான் வருது."

அவள் மேல்சட்டைப் பைக்குள் கையை விட்டாள். கைக்குட்டை, பாதி தின்ற சாக்லேட், அதற்கடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிறோமே என்று, போனில் தட்டினால் குரல் கொடுக்கும் அந்த வில்லையை அவள்தான் வாங்கியிருந்தாள். கண்ணாடிக் கூட்டில் ஒட்ட மறந்து பையிலேயே விட்டிருக்கிறாள். பேட்டரி தீரப்போகிறது என்று பாவம், அது கதறிக்கொண்டிருந்தது.

"அண்ணி, இதோட கையேட்டுல போட்டிருக்குமே?" என்றாள் நாத்தனார், மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

"இதுக்கு எதுக்குக் கையேடுன்னு தூக்கிப் போட்டுட்டேன்டி!"

நாத்தனார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கணவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. கமாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் அவளும் எத்தனை நேரம்தான் அடக்குவாள்? சிரிப்பு கொஞ்சம் ஓயும், வில்லை கீச்சென்னும், மறுபடி மூன்று பேரும் விழுவார்கள்.

அன்றைக்குப் பிறகு தடிப் புத்தகம் கூடத்துக்குப் பொதுவாகிவிட்டது. அவள் சத்தமாகப் படித்து விளக்கினாள். கணவன் அரைப் பக்கத்தில் குறட்டை விட்டான். நாத்தனார்தான் விடாமல் கேட்டாள்.

"அதாவது, இந்தக் கம்பைலர் நாம சொல்றதை வரிக்கு வரி அப்படியே எடுத்துக்குமா?"

"அப்படியேதான். மனுஷங்க மாதிரி ஊகிக்காது."

"நான் தினமும் சொல்றேனே, 'வாயை நல்லாத் திறங்க, மூடக்கூடாது, வலிச்சா வாயைத் திறந்து சொல்லுங்க'ன்னு? இதை அது கேட்டா?"

கமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல் வரியிலேயே பிழைன்னு சொல்லிட்டு நின்னுடும்."

"என் பேஷன்ட்டுங்க தலையாட்டுறாங்களே!"

மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கும்போது வெயில் அடித்தது. மூவரும் செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கு இறங்கினார்கள். மிதித்து ஓட்டுகிற படகு கிடைத்தது. பிசியோதெரபிஸ்ட்டின் கால் பலத்துக்கு நாத்தனாரின் கால் ஈடுகொடுக்கவில்லை. படகு ஒரே பக்கமாகத் திரும்பி, தண்ணீரில் வட்டம் போட்டது. பக்கத்துப் படகில் ஒரு ஜோடி வாய் பிளந்து பார்த்தது. "முதல்ல வாயை மூடுங்க, ஈ போயிடும்!" என்று பல் டாக்டர் கத்தினாள். சுக்கானைப் பிடித்திருந்த கமா, நேராகத் திருப்பவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு இன்னொரு சுற்றுக்கு விட்டுவிட்டாள்.