ஊரே சாட்சி

அவர் காசிமேட்டில் படகு மெக்கானிக். ப்ரொப்பெல்லரில் வலை சிக்காமல் தடுக்க ஒரு இரும்பு வளையம் செய்திருந்தார். நான் ராயபுரத்தில், பேட்டன்ட் மனு எழுதும் ஆபீஸில் ஜூனியர், டை கட்டின வெத்துவேட்டு. அவர் கையில் எப்போதும் வேஸ்ட் துணி இருக்கும். சுத்தமான விரலையும் துடைத்துக்கொண்டே இருப்பார்.

எவனோ வளையத்தை அப்படியே காப்பியடித்து, வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் இறக்கிச் சல்லிசாக விற்கிறான். இவரிடம் வாங்க ஆளில்லை. அதை நிறுத்தத்தான் வந்திருந்தார்.

"இதை யாருக்காச்சும் காட்டினீங்களாண்ணா?"

"இன்னா நைனா இப்டி கேட்டுட்ட? ஹார்பருக்கே தெரியும். செஞ்ச அன்னிக்கே வீடியோ போட்டேன். ஊரே சாட்சி."

அதுதான் சிக்கல். "மனு போடுறதுக்கு முன்னாடியே ஊருக்குக் காட்டிட்டா சட்டப்படி அது புதுசு இல்லண்ணா. பேட்டன்ட் கிடைக்காது. நிறைய நாட்டுல இதே கதைதான்."

"புதுசா இருந்தப்போதானே காட்னேன்?"

அந்த வீடியோ இருப்பதால் காப்பியடித்தவனாலும் பேட்டன்ட் வாங்க முடியாது என்றேன், ஏதோ பெரிய ஆறுதல் மாதிரி.

"அப்போ இது யார்துதான்?"

"எல்லாருக்கும் பொதுண்ணா."

தலையாட்டினார். கோபப்படவில்லை. என் மேஜையிலிருந்த வளையத்தைப் பையில் போட்டு, அது விட்ட எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டு எழுந்தார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த ஒருத்தர், "இன்னாண்ணா அது?" என்று கேட்டார். மெக்கானிக் நின்றார். பையிலிருந்து வளையத்தை எடுத்து, எப்படி மாட்டணும் என்று பொறுமையாகக் காட்ட ஆரம்பித்தார்.

ஏன் காட்டினார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.