மஞ்சள் குடை பிடித்த கரடிக்குட்டி

ஆலை மூடிய பிறகு தமிழ்மாறன் யாரிடமும் பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான். சாப்பிட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். தீபாவளிக்கு முன்னால் தொடங்கியது, பொங்கல் வந்தும் மாறவில்லை. நெல்லித்தோப்பில் அந்த ஒற்றை அறை வீட்டில் அவன் முதுகைப் பார்த்துத்தான் தங்கை சந்திரகலா வேலைக்குக் கிளம்புவாள்; திரும்பி வந்தாலும் அதே முதுகுதான். அவன் ஆலைக்குப் போனதால்தான் அவள் கல்லூரிக்குப் போக முடிந்தது. அதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

முன்பெல்லாம் அவன் வாய் ஓயாது. அவர்களுடைய அம்மா இறந்த வருஷம், மாடியில் குடியிருந்த சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், பிரான்சுக்கே போய்விட்டார். போகும்போது ஒரு பொம்மைப்பட வீடியோ கேசட்டை இவர்களிடம் கொடுத்து, அதன் கதையைத் தமிழ்மாறனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பொங்கலுக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தால், பெரியவர்களின் படம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு அதுதான். பிரான்சு கேசட் நம்மூர் டெக்கில் கறுப்பு வெள்ளையாகவே ஓடும். பேச்சும் புரியாது. தமிழ்மாறன் டி.வி. பக்கத்தில் உட்கார்ந்து கரடிக்குட்டிக்கு ஒரு குரல், ஆந்தைக்கு ஒரு குரல் என்று தமிழில் பேசுவான். நிறங்களையும் அவனே சொல்லுவான். குட்டி குடையைப் படகாக்கி ஆற்றில் போய், கடைசியில் அம்மாவிடம் சேர்ந்துவிடும். தெருப் பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

இந்தப் பொங்கலன்று சேனல் மாற்றிக்கொண்டிருந்த சந்திரகலாவின் கை நின்றது. அதே குட்டி. கலரில். தமிழில்.

"அண்ணே, நம்ம கரடி. திரும்பிப் பாரேன்."

முதுகு அசையவில்லை.

"பட்டிமன்றத்த வைம்மா," என்றார் அப்பா கோவிந்தராசு. "பி.காம். படிச்சிட்டு பொம்மப் படம் பாக்குற. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் நைனா. அங்க மட்டும் என்னா, கடைசியில ரெண்டு பக்கமும் சரின்னுதான் சொல்லப் போறாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே டீக்கடைக்குப் போய்விட்டார்.

அண்ணன் காதில் விழட்டும் என்று அவள் சத்தத்தைக் கூட்டினாள். அவன் தேற வேண்டும் என்று நினைக்கிறேனா, அந்தப் பழைய குரல் எனக்கு வேண்டியிருக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அப்போது டி.வி.யில் ஆந்தை சொன்னது: "உன் அம்மா இறந்துவிட்டாள், குட்டி. இனி வரவே மாட்டாள்."

சந்திரகலா திரும்பினாள். அண்ணனின் தோள் உள்ளுக்குள் ஒடுங்கியது. எந்தச் செய்தியை அத்தனை பொங்கலிலும் அவள் காதிலும் மற்றப் பிள்ளைகள் காதிலும் விழாமல் அவன் மறைத்து வைத்தானோ, அதை அவளே சத்தம் கூட்டி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். சட்டென்று சத்தத்தை நிறுத்தினாள்.

திரையில் குட்டியின் வாய் மட்டும் அசைந்தது. மெல்லிய குரலில் அவளே குட்டிக்காகப் பேசத் தொடங்கினாள்.

"ஏ ஆந்த, ஒனக்கு என்னா தெரியும்? எங்கம்மா ஆத்துக்கு அந்தாண்ட இருக்கு. நான் போறேன்."

குரல் குட்டிக்குப் பொருந்தவே இல்லை. கூச்சமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"பச்சக் கொடைய எடுத்துக்கினு குட்டி கெளம்புச்சாம்."

சுவர்ப்பக்கமிருந்து ஒரு செருமல்.

"மஞ்சளு."

பேசாமலே கிடந்ததில் குரல் கரகரத்திருந்தது. திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயந்து அவள் திரையையே பார்த்தாள்.

"ம்?"

"கொட மஞ்சளு."

திரையில் குடை பச்சையாகத்தான் இருந்தது.

"ஆமா, மஞ்சக் கொட," என்று சொல்லி அவள் குட்டியை ஆற்றில் இறக்கினாள். கரையில் ஆந்தை மறுபடி வாயைத் திறந்தது. ஆந்தையின் பேச்சை அண்ணனுக்கு விட்டுவிட்டு அவள் காத்திருந்தாள்.