புண் ஆறினதும் வரச் சொன்னார்கள்

காலை ஆறரைக்குச் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்தேன். பொன்னேரிக்குப் பத்து ரூபாய் டிக்கெட். சனிக்கிழமை என்பதால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பறவை பார்க்கப் போவார்கள், இல்லாவிட்டால் நண்டு சாப்பிடப் போவார்கள். நான் எல்லம்மா என்றொரு பெண்ணைத் தேடிப் போனேன். அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய தாடை எலும்பு எனக்கு அத்துப்படி.

சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில், நோயாளிகள் 'கரண்டு' என்று சொல்கிற கதிர் சிகிச்சைப் பிரிவில் எனக்கு வேலை. டாக்டர் இல்லை, இயற்பியல் படித்தவள். ஸ்கேன் படத்தில் கட்டியைச் சுற்றிக் கோடு போட்டு, கதிர் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு பாய வேண்டும் என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு. கதிர் கொடுக்கக் கொடுக்கக் கட்டி சுருங்கும். சுருங்குவதை வாராவாரம் படம் எடுத்துப் பார்த்து, கதிரையும் கூடவே சுருக்கிக்கொண்டு போனால் எச்சில் சுரப்பி தப்பும், நாக்கில் ருசி தப்பும். இதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்.

எல்லம்மாவுக்குக் கட்டி இடது கடைவாய்க்குப் பின்னால், தொண்டை தொடங்கும் இடத்தில். சின்னதுதான். இவர் பிழைத்துக்கொள்வார் என்று பிரிவில் எல்லோருமே நம்பினோம். முதல் படம் எடுத்தாயிற்று. அந்தப் பக்கம் கெட்டுப்போன பற்களைக் கதிருக்கு முன்பே எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் எலும்பு செத்துப் போகும். பற்களையும் எடுத்தார்கள். அதோடு ஆளைக் காணோம். கொடுத்திருந்த போன் நம்பர் பக்கத்து வீட்டுக்காரருடையது, எப்போது கூப்பிட்டாலும் அணைந்தே கிடந்தது. மழைக்காலம் முழுவதும் போய்விட்டது. பல் பிடுங்கியதில் மிரண்டு ஓடிவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பொறுமை கம்மி. எங்கள் பிரிவு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நானே கிளம்பினேன். நாலு அதட்டுப் போட்டு இழுத்து வந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

எட்டு மணிக்குப் பொன்னேரியில் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லை, இருபது கிலோமீட்டர் சொச்சம் ஓசிப் பயணம். திருப்பாலைவனம் வரை இரண்டு பக்கமும் நெல். அதைத் தாண்டினால் மண் வெளுத்துவிடுகிறது, ஜன்னலில் கருவாட்டு வாடை ஏறுகிறது. பழவேற்காட்டில் இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் வந்து நின்றார்.

"பறவ பாக்கவா மேடம்? போட்டு வேணும்னா நம்மாளு கீறான்."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன். எல்லம்மான்னு ஒருத்தர் வீட்டுக்குப் போகணும்." குப்பத்தின் பெயரைச் சொன்னேன்.

"வாய்ல புண்ணு வந்துச்சே, அந்த அக்காவா? எந்நேரமும் தண்ணிலயே கெடக்குது. நூறு ரூபா குடுங்க."

எண்பதுக்கு இறங்கி வந்தார். ஏரிக்கரையை ஒட்டி நாலு கிலோமீட்டர். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. எல்லம்மாவின் புருஷன் கன்னியப்பன் அந்தப் பக்கம்தான் கூலி வேலைக்குப் போகிறவர். அன்று வீட்டில் இருந்தார். ஆஸ்பத்திரி என்றதும் முகம் மலர்ந்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஓடிப்போனவர்களின் வீட்டில் இப்படி வரவேற்க மாட்டார்களே என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

"அவ தண்ணில கீறா. கூப்பிடறேன் மேடம்."

கரையிலிருந்து பார்த்தேன். ஐந்தாறு பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலை கிடையாது. இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி ஒன்று முன்னால் மிதக்கிறது. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். எல்லம்மா வலது பக்கத்துப் பல்லால் கடித்துக்கொண்டு வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. ஈரச் சேலையோடு கரையேறி, கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன்க்கா வரவே இல்ல?" என்று நான் எடுத்த எடுப்பில் அதட்டினேன்.

"வரலாம்னுதான் மேடம் பாத்துக்கினே கீறேன். பல்லு எடுத்தாங்களே, புண்ணு ஆறினதும் வா, அப்பால கரண்டு குடுக்கலாம்னு சொன்னாங்க. ஆறவே இல்ல."

நான் கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவளும் சும்மா இல்ல மேடம்," என்றார் கன்னியப்பன். "எங்களுக்கு நண்டு கடிச்சாலும், கெளுத்தி முள்ளு குத்தினாலும் இந்தத் தண்ணிலயே கெடந்தா ஆறிடும். உப்பு இல்ல? அதான் டெய்லி வாய் நெறயத் தண்ணி எடுத்துக் கொப்புளிக்கிறா. வேலை இல்லாத அன்னிக்கும் எறங்கிடுவா."

வாயைத் திறக்கச் சொல்லி, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். நாற்றம் முகத்தில் அடித்தது. நான் டாக்டர் இல்லைதான். ஆனால் அந்த இடத்தைப் படத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தவள். பல் இருந்த குழியிலிருந்து சதை பூத்து வெளியே வந்திருந்தது. பல் பிடுங்கிய புண் என்றோ ஆறியிருக்க வேண்டும். புண் என்று நினைத்து இவர்கள் ஆறட்டும் என்று காத்திருந்தது கட்டி. சொன்ன சொல்லைத் தட்டாமல், இருவரும் அது வளர வளரக் காத்திருந்திருக்கிறார்கள். ஆறாவிட்டாலும் வா என்று யாராவது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

தள்ளிப் போய் டாக்டரை அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வா, புதுசாகப் படம் எடுத்துப் பார்ப்போம். நீ சொல்வதைப் பார்த்தால் வலிக்கு மட்டும்தான் கதிர் கொடுக்க முடியும்," என்றார்.

திரும்பி வந்து மண்ணில் எல்லம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழுப்ப எனக்கு வராது. "அது பல்லு புண்ணு இல்லக்கா. கட்டிதான் வெளிய வந்திருக்கு. அது தானா ஆறாது. திங்கக்கிழமை வாங்க, வலி குறைய வைத்தியம் பண்ணுவாங்க," என்றேன்.

"வலிக்கு மட்டுமா?"

"ஆமாக்கா. அப்படித்தான் சொல்றாங்க."

எல்லம்மா ஏரியைப் பார்த்தார். "அப்போ இத்தினி நாளு சும்மாதான் தண்ணில கெடந்தேனா," என்றார். கன்னியப்பன் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

பகல் பன்னிரண்டுக்கு அதே ஆட்டோ வந்தது. வேண்டாம் என்றாலும் கேட்காமல், இறாலைப் பையில் போட்டுக் கையில் திணித்தார் எல்லம்மா. நான் ஏறி உட்கார்ந்ததும் அவர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், இன்னிக்கும் நாளைக்கும் நல்லாக் கொப்புளிக்கிறேன். கொஞ்சம் ஆறிச்சுன்னா, மொதல்ல சொன்ன அந்த வைத்தியமே குடுப்பீங்க இல்ல?"

"ஆறாதுக்கா," என்றேன் மறுபடியும்.

"சரி மேடம்," என்றார். "வந்துர்றேன்."

மாலையில் வீட்டுக்கு வந்து இறாலைக் கழுவினேன். தெருக்குழாய்த் தண்ணீர் எங்கள் பகுதியில் லேசாக உப்புக் கரிக்கும். அதற்காக நான் மாநகராட்சியைத் திட்டாத நாளில்லை. அன்று திட்டவில்லை. ஆட்டோ திரும்பும்போது பார்த்ததே கண்ணுக்குள் நின்றது. எல்லம்மா பறியை எடுக்காமல், வெறுங்கையோடு தண்ணீரில் இறங்கினார். கழுத்தளவு போனதும் குனிந்து, வாய் நிறைய ஏரித் தண்ணீரை எடுத்து, கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.