மூன்று புள்ளிச் சட்டை

ஆங் மோ கியோவில் என் வீட்டுக்குக் கீழே உள்ள புல்தரையில் சாயங்காலமானால் பள்ளிக்கூடப் பையன்கள் பந்து உதைப்பார்கள். சத்தம் கேட்டதும் நான் சன்னலைச் சாத்திவிடுவேன். மருமகள் இதைக் கிழவியின் கிறுக்கு என்று நினைக்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பந்தின் மேல் ஒரு கோபமும் இல்லை. காலேஜ் பந்தாட்டம் என்று ஒன்று இருந்ததே, அதன் மேல்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் வீராசாமி சாலைப் பக்கம் ஒரு சந்தில் அப்பா சலவைக்கடை வைத்திருந்தார். முன்னால் இஸ்திரி மேசை, பின்னால் துவைக்கிற கல், பலகைத் தளம் போட்ட மாடியில் நாங்கள் நாலு பேர். பெயர்தான் காலேஜ், சின்ன வகுப்பிலிருந்தே நடக்கிற ஒரு பள்ளிக்கூடம்; அதன் ஆசிரியர் விடுதித் துணிகள் அவரிடம் வரும். அப்படித் துணி எடுக்கப் போன ஒரு புதன்கிழமை, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு திடலோரமாக நின்று மேட்ச் பார்த்திருக்கிறார். அதோடு ஆள் கெட்டார். அந்தக் காலேஜின் வகுப்பறை வாசலைக்கூட மிதிக்காத மனிதர் "நம்ம காலேஜ்" என்று பேச ஆரம்பித்தார். பச்சைக் கழுத்து வைத்த வெள்ளைச் சட்டைகளை, அணி மொத்தத்துக்கும், கூலி வாங்காமல் துவைத்துக் கொடுத்தார். அம்மா முணுமுணுத்தால், சாமிக்கு மாலை கட்டுகிறவன் காசா கேட்பான் என்பார்.

சாமியும் அவரைச் சும்மா விடவில்லை. வருஷத்துக்கு வருஷம் புலம்பல் ஏறிக்கொண்டே போனது. முதலில் நடுவருக்குக் கண் தெரியவில்லை என்றார். அடுத்த வருஷம் விளையாட்டு மாஸ்டருக்கு மூளை இல்லை என்றார். அதற்கடுத்த வருஷம்தான் சங்கதி புரிந்தது. ஜனவரி பிறந்தால் வேறு பள்ளிகளில் நன்றாக ஆடுகிற, மீசை முளைத்த பையன்களை மாஸ்டர் கூட்டிவந்து சேர்ப்பார். கோப்பை கைக்கு வந்ததும் அவர்கள் காணாமல் போய்விடுவார்கள். சின்ன வகுப்பிலிருந்து அங்கேயே படித்து, அங்கேயே பந்து பழகிய பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து கைதட்டுவார்கள்.

"படிக்க வந்தவன் குந்திக்கிட்டு இருக்கான், பந்தடிக்க வந்தவன் ஆடுறான். என்னா காலேஜ்லா இது," என்று இஸ்திரிப்பெட்டியை ஓங்கி வைப்பார். மறுபுதன்கிழமை முதல் ஆளாகத் திடலில் நிற்பார். ஒருமுறை கோட்டோரம் நின்று மாஸ்டரைப் பார்த்தே மலாயில் கத்திவிட்டார்.

என் அண்ணனும் அந்தக் காலேஜில்தான் படித்தான். ஃபேரர் பார்க் திடலில் வெறுங்காலோடு பந்து பழகியவன். கடைசி வருஷத்தில் அவனை அணியில் எடுத்தார்கள். அன்றைக்கு அப்பா அவனுடைய சட்டையை வாங்கி, கழுத்தின் உள்பக்கம் அழியாத மையால் மூன்று புள்ளி வைத்தார். எங்கள் கடைக்கு வரும் ஒவ்வொரு துணிக்கும் ஒரு குறி உண்டு. மூன்று புள்ளியை அவர் அதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

ஆனால் அண்ணன் ஒன்று கேட்டான். "நீங்க வந்து நின்னா மாஸ்டர் என்னை எறக்க மாட்டாருப்பா. போன வருஷம் நீங்க சத்தம் போட்டத அவரு இன்னும் மறக்கல."

அப்பா கையிலிருந்த துணியை மடித்து முடித்தார். பிறகு, சரி, வரமாட்டேன் என்றார். வருஷக்கணக்காகக் காத்திருந்தது மகன் அந்தச் சட்டையில் ஓடுவதைப் பார்க்கத்தான். அவன் ஓட வேண்டும் என்பதற்காகப் பார்ப்பதையே விட்டுக்கொடுத்தார். அவருக்குப் பதிலாக ஒன்பது வயதுப் பெண்ணான நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று ஏற்பாடானது.

நான் பார்த்தது இதுதான்: அண்ணன் உட்கார்ந்திருந்தான். முதல் மேட்ச்சிலும் இரண்டாவதிலும் உட்கார்ந்திருந்தான். யாருக்காவது அடிபட்டால் இறங்குவதற்கான ரிசர்வ் ஆட்டக்காரன் அவன். மீசைக்காரர்கள் யாருக்கும் அடிபடவில்லை. மேட்ச் முடிந்ததும் அணியின் அழுக்குச் சட்டைகளை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவான். வரும் வழியில் ரோச்சோர் கால்வாய்ப் படியில் இறங்கி, தன் சட்டையில் மட்டும் கறுப்புச் சேற்றை அள்ளிப் பூசுவான். யாராவது வருகிறார்களா என்று நான் மேலே நின்று பார்த்துக்கொள்வேன். அதற்குக் கூலி ஒரு ஐஸ் உருண்டை. அண்ணன் ஆடினான் என்று நான் அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

முதல் பொய்யை ஐஸ் உருண்டைக்காகச் சொன்னேன். அதன் பிறகு ருசி கண்ட பூனையாகிவிட்டேன். அண்ணன் இரண்டு பேரைத் தாண்டினான், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, கூட்டம் எழுந்து நின்றது என்றெல்லாம் அளப்பேன். அப்பா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்பார். நான் மூச்சு வாங்க நிறுத்தினால், "அப்புறம்?" என்பார். என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

அந்த வருஷம் எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஜாலான் புசார் விளையாட்டரங்கில் மேட்ச். எங்கள் கடைக்குக் கூப்பிடு தூரம். முதல் நாள் நடந்த பயிற்சியில் இடதுபக்கம் ஆடுகிறவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அந்த இடம் அண்ணனுடையது. கிளம்பும்போது அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்ட வராமல் மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினான். அப்பா அவன் நெற்றியில் திருநீறு பூசினார். வரட்டுமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார்.

அங்கே போனால், மாஸ்டர் பக்கத்தில் நெட்டையாக ஒரு புதுப்பையன் நின்றுகொண்டிருந்தான். அந்த வாரம்தான் காலேஜில் சேர்த்திருந்தார்கள். அவனுக்குச் சட்டை இல்லை. மாஸ்டர் வரிசையாக எல்லாரையும் பார்த்தார். உயரம் ஒத்துப்போனது என் அண்ணனுக்குத்தான். கழற்று என்று கையைக் காட்டினார். அண்ணன் கழற்றிக் கொடுத்தான். தொண்ணூறு நிமிடமும் பனியனோடு உட்கார்ந்திருந்தான். புதுப்பையன் கோல் கம்பத்துக்கு முன்னால் புல் தேய்ந்த செம்மண்ணில் விழுந்து புரண்டு, கடைசியில் வெற்றி கோலையும் போட்டான். ஊரே கத்தியது. அண்ணனும் கைதட்டினான்; நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல ஆரம்பித்தேன். அன்றைக்கு எனக்குச் சிரமமே இல்லை. நெட்டையன் செய்ததையெல்லாம் அண்ணன் செய்ததாகச் சொன்னேன்.

"அண்ணன் கோல் போட்டுச்சுப்பா."

அப்பா லேசாகச் சிரித்தார். "சத்தம் கேட்டுச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு மூட்டையைப் பிரிக்கப் பின்கட்டுக்குப் போனார். அன்று கால்வாய்ச் சேறு பூச அண்ணனுக்கு வேலை இருக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்பா காலமாகி வெகுநாள் கழித்து அம்மா சொன்னது இது. "மொத வாரமே உங்கப்பாவுக்குத் தெரியும்டி. அக்குள்ல வேர்வை இல்ல, கழுத்துல அழுக்கு இல்ல, சேறு மட்டும் இருக்குன்னாரு. அதுவும் திடல் மண்ணு இல்ல, கால்வா நாத்தம்னாரு." கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று அப்பா அடிக்கடி சொல்வார். தீர விசாரிக்க அவரிடம் துவைக்கிற கல் இருந்தது. அழுக்கு அவரிடம் பொய் சொன்னதில்லை. அண்ணனை ஒரு நாளும் அந்தக் கல் பக்கம் அண்டவிடாமல் படி படி என்று வளர்த்தவர் அவர்தான். அதனால்தான் அழுக்கு பேசும் என்பது அண்ணனுக்குத் தெரியாமல் போனது. அத்தனை வாரமும் தெரிந்துகொண்டேதான் என்னிடம் "அப்புறம்?" கேட்டிருக்கிறார்.

அன்றைக்குப் பின்கட்டிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டார். நானும் ஓடினேன். கையில் ஒரு சட்டை. முழங்கைகளில் செம்மண் அப்பியிருந்தது, தோளில் கிழிசல், கழுத்தில் மஞ்சளாக வேர்வை. கழுத்தைத் திருப்பி மூன்று புள்ளியைக் காட்டினார். கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவரல்ல அப்பா. அழுக்கானதை நம்பி மோசம் போனார். அந்தச் சட்டையைத் தனியாகத் துவைத்து, கிழிசலைத் தைத்து, கடை வாசலில் எல்லாரும் பார்க்கத் தொங்கவிட்டார். சந்து முழுக்கச் சொன்னார். மேட்ச் பார்த்தவர்கள் அந்தச் சந்தில் பலர் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று வீட்டில் ஆட்டுக்கறி. பெரிய துண்டாக எடுத்து அண்ணன் தட்டில் வைத்தார். அண்ணன் வயிற்றுவலி என்று எழுந்து போய்விட்டான். என் பொய்யைக் கெடுத்துவிடுவான் போலிருக்கிறதே என்று எனக்கு அவன் மேல் எரிச்சல்.

இரண்டு நாள் கழித்து அப்பா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, அணியின் சட்டைகளைக் காகிதத்தில் கட்டி, என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு காலேஜுக்குப் போனார். மாஸ்டரிடம் பழைய சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டு, நன்றியும் சொல்ல வேண்டுமாம். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கோப்பையைப் பார்த்தபடி தள்ளி நின்றேன். அப்பா மலாயில் ஏதோ சொன்னார். மாஸ்டர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி, தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த ஒருவனைக் கூப்பிட்டு முன்னால் தள்ளினார். அந்த நெட்டையன். கிழிசல் இருந்த அதே தோளில், சட்டைக் கழுத்தோரம் பிளாஸ்திரி தெரிந்தது. நான் கோப்பைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டேன்.

அப்பா அந்தப் பிளாஸ்திரியையே பார்த்தார். பிறகு அவன் கையைத் தம் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பும்போது அவர் சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே வந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று என்று நிம்மதியாக நடந்தேன். அதற்குப் பிறகு காலேஜ் சட்டைகள் எங்கள் கடைக்கு வரவில்லை. திடல் பக்கம் அப்பா போகவில்லை. அண்ணன் அந்த வருஷத்தோடு துறைமுக வேலைக்குப் போனான். பந்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் இருவரும் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

காலேஜுக்குப் போய்த் திரும்பிய அன்று சாயங்காலம் அப்பா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் மேலே இருந்தான். பலகைத் தளத்தில் அவன் நடப்பது கேட்டது. அப்பா தலை நிமிராமல் என்னைக் கூப்பிட்டார். "அண்ணன் எப்படி கோல் போட்டுச்சு? இன்னொரு தடவ சொல்லும்மா."

மேலே நடக்கிற சத்தம் நின்றது. ஒரு கதையைத் திரும்பக் கேட்கிறவர் அது பிடித்துப்போய்த்தான் கேட்கிறார் என்று நினைக்கிற வயது எனக்கு. குரலை நன்றாக உயர்த்திக்கொண்டு முதலிலிருந்து சொன்னேன். அப்பா அவ்வளவு ஆசையாகக் கேட்கிறாரே என்று, அண்ணனை இன்னொரு கோலும் போடவைத்தேன்.