குடும்ப சமாதானம்

ஜெபப் பெட்டியைக் கவிழ்த்ததும், பெண்கள் வேண்டுதல் எழுதிப் போட்ட சீட்டுகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் புறங்கையால் நீவிவிடுவார். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கும் கை. காகிதத்தில்கூடச் சுருக்கம் பொறுக்காது. சபையின் பெண்கள் கூட்டத்தில் அவர் பெயர் சீட்டக்கா.

சனிக்கிழமை வேலை முடிந்து நேரே வருகிறவர். செருப்பைக் கழற்றி, வீங்கிய பாதங்களைக் குளிர்ந்த தரையில் ஒட்ட வைத்துக்கொள்வார். கண்ணை மூடச் சொன்னால் தூங்கிவிடுவார்.

"தூங்கலம்மா. ஆண்டவர் மேல கொஞ்சம் சாஞ்சுக்கிட்டேன்."

"சாயுங்க, வேணாங்கல. அவர் காதுல குறட்டை விடாதீங்க," என்பாள் பக்கத்து நாற்காலித் தையல்காரி.

சீட்டு வாசிக்க அங்கே தனி பாஷை உண்டு. பெயர் வராது, 'ஒரு சகோதரி'. குடி என்றால் 'பலவீனம்'. அடி என்றால் 'குடும்ப சமாதானம்'. யாரும் போட்ட சட்டமில்லை, பழகிப்போனது. சீட்டக்கா நாக்குத் தடுக்காமல் மாற்றி வாசித்துவிடுவார்.

மூன்று வாரம் ஒரே கையெழுத்தில் சீட்டு வந்தது: 'என் கணவர் அடிக்கிறார்.' மூன்று முறையும் அதைக் குடும்ப சமாதானமாக்கினார். நான்காவது சீட்டை நீவிய கை அப்படியே நின்றது.

'அக்கா, இப்போ ஒரு காது கேட்கலை. இந்தத் தடவையாவது எழுதினதை வாசிங்க.'

'எழுதின'வின் ழகரத்துக்கு நத்தைபோல ஒரு சுழி. வாராவாரம் வருகைப் பதிவேட்டில் எல்லாரும் பார்க்கிற சுழி. பதிவேடு எழுதுகிறவள் மூன்றாவது வரிசையில் குனிந்திருந்தாள். அவள் கணவர் சபை மூப்பர்; சலவைப் பிரிவின் மேற்பார்வையாளரும் அவரே. யாருக்கு நீராவி அறை, யாருக்கு மடிப்பு மேசை என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்.

முழங்கால் வலித்தது. ஒரு சொல்லை மாற்றினால் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். சீட்டக்கா எழுந்து நின்றார்.

"நம்மில ஒருத்தியை அவ புருஷன் அடிக்கிறார். அவளுக்கு ஒரு காது கேட்கலை. மூணு வாரமா எழுதுறா. நான்தான் மாத்தி வாசிச்சேன். தப்பு என்னோடது."

எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. போதகர் மனைவி மெல்ல எழுந்து வந்தார். கெட்டவர் அல்ல, கண் கலங்கியிருந்தது.

"சீட்டைக் குடுங்கக்கா. கையெழுத்தைப் பார்த்தா தெரிஞ்சிடும். போதகர் ஐயா இன்னைக்கே அந்த வீட்டுக்காரர்கிட்டப் பேசட்டும்."

"போன வருஷம் ஒருத்திக்கு அப்படித்தான் பேசினாங்கம்மா. அடுத்த வாரம் அந்தப் பிள்ளை முகத்தை மூடிக்கிட்டு வந்துச்சு."

"அதுக்காக, யாருன்னே தெரியாம எப்படிக்கா உதவுறது?"

"அவ வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் என் வீடு அவளுக்குத் தெரியும். ஒரு கட்டில்தான் இருக்கு. நான் தரையில படுத்துக்குவேன். காது டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்." மூன்றாவது வரிசையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

போதகர் மனைவியின் கை நீண்டபடியே இருந்தது. எல்லார் கண்ணும் அந்தத் துண்டுக் காகிதத்தில்.

சீட்டக்கா அதை நான்காக மடித்து வாயில் போட்டுக்கொண்டார். ஒரு பக்கம் பல் இல்லாதவர். அவசரமில்லாமல், நின்றபடியே மென்றார்.